பதினேழாம் கோர்

ஜூன் 3, செவ்வாய்

தாமு சார் இன்று டீமில் ஆளுக்கொரு நோட்டு கொடுத்தார். இனிமேல் சோதனை எண்களைக் கையால் எழுதி வைக்க வேண்டுமாம்.

"கம்ப்யூட்டர்ல போட்டு வெச்சா ஒருத்தரும் திரும்பிப் பாக்கறதில்லீங்க. கைல எழுதுனாத்தான் மண்டைல நிக்கும்."

"எழுதறது எங்க கை. நிக்கறது யார் மண்டைலங் சார்?" என்று நஸ்ரீன் கேட்டாள். அவர் சிரிக்கவில்லை.

எண்கள். ஒரு நொடிக்கு எத்தனை ஃபைல் திறக்க முடிகிறது, லட்சத்தில்:

1 கோர்: 6
8 கோர்: 31
32: 38
64: 29
127: 17

கோர் என்பது மெஷினின் ஒரு மூளை. நூற்று இருபத்தேழு மூளை சேர்ந்து செய்கிற வேலை, எட்டு மூளை செய்வதில் பாதிதான். வாங்கப்போகிற கம்பெனி கேட்பது ஐந்நூறு. 27ஆம் தேதிக்குள் காட்ட வேண்டும். காட்டாவிட்டால், ஃபைல்களை அடுக்கித் தேடிக் கொடுக்கிற எங்கள் ஃபைல் சிஸ்டம் அவர்களுக்கு வேண்டாம். ஐந்து பேர் டீமையும் பிரித்து ஆளுக்கொரு பக்கம் போட்டுவிடுவார்கள். 28ஆம் தேதி லேப் மொத்தமும் காளப்பட்டிப் புதுக் கட்டடத்துக்குப் போகிறது. அன்று சோதனை ஓடுகிற இந்த மெஷினை அணைக்கிறார்கள்.

மெஷினில் இருப்பது 128 கோர். நான் 127இல்தான் ஓட்டுகிறேன். பதினேழாம் கோர் வேறு வேலையில் இருக்கிறது.

ஜூன் 4, புதன்

வாசலில் ரெண்டு பாக்கெட் பால். சுகந்தி இருந்தபோது ரெண்டு. இன்னும் ரெண்டுதான் வருகிறது. பால்காரர் ஆறுச்சாமியிடம் சொல்லவில்லை. நேற்றைய பாக்கெட் ஒன்று ஃபிரிட்ஜில் உப்பிப்போய் இருந்தது.

ஜூன் 6, வெள்ளி

எங்கே இடிக்கிறது என்று தெரிந்துவிட்டது. டிஸ்க்கில் போய் ஃபைலின் பெயரைத் தேடுவது மெதுவான வேலை. அதனால் ஒருமுறை தேடிய பெயரை நினைவகத்தில் வைத்துக்கொள்கிறோம். அதுதான் கேஷ். ஒரு கோர் அந்தப் பெயரைத் தொடும்போது, "நான் இந்த ஃபோல்டருக்குள் இருக்கிறேன்" என்று ஒரு எண்ணைக் கூட்டும். வெளியே வரும்போது கழிக்கும். ஆள் உள்ளே இருக்கையில் யாரும் ஃபோல்டரை அழித்துவிடக் கூடாது, அதற்காக. எண் ஒன்றுதான். 127 பேரும் அதையே இழுக்கிறார்கள்.

நஸ்ரீன் எங்கள் டீமில் வேகம் அளப்பவள். உக்கடத்துக்காரி. எட்டிப் பார்த்தாள்.

"நூத்தியிருபத்தெட்டு எலை போட்டிருக்கு. சாம்பார் வாளி ஒண்ணே ஒண்ணு. எல்லாரும் அதுக்கே கைய நீட்டிட்டு ஒக்காந்திருக்காங்க. பரிமாறுறவன் ஓடி ஓடியே செத்தான்."

ஆளுக்கொரு கிண்ணம் கொடுத்துவிட வேண்டியதுதான். ஒவ்வொரு கோருக்கும் தன் எண்ணைத் தனியாக வைத்தேன். மொத்தம் தேவைப்படுகிற நேரத்தில் மட்டும் எல்லாரையும் நிறுத்திக் கூட்டிக்கொள்ளலாம்.

8 கோர்: 46. 32 கோர்: 141. இது நல்ல எண். மதியம் சாப்பிடவில்லை என்பது ஐந்து மணிக்குத்தான் தெரிந்தது.

ஜூன் 9, திங்கள்

64: 150. 127: 70.

ஏறி ஏறிப் போய் முப்பத்திரண்டுக்கு மேல் படுத்துவிடுகிறது. மூன்று முறை ஓட்டினேன். எண்பது எழுபது ஆகிறது, எழுபது எண்பது ஆகிறது. அதற்கு மேல் போகவே மாட்டேன் என்கிறது.

யார் எங்கே காத்திருக்கிறார்கள் என்று பட்டியல் எடுத்தேன். முதல் வரி எனக்குத் தெரிந்ததுதான். இரண்டாம் வரியிலிருந்து பார்த்தேன். ஒன்றும் பெரிதாக இல்லை.

ஜூன் 11, புதன்

தாமு சார் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

"ஏனுங் தினகர், கிராஃப்ல எல்லாம் நூத்தியிருபத்தேழுன்னு போட்டிருக்கு. மிச்சம் ஒண்ணை வீட்டுக்குக் கொண்டு போயிட்டீங்களா?"

"அது மெஷினோட சொந்த வேலைக்கு விட்டிருக்கேன் சார்."

"மத்தவங்க எல்லாம் ஒவ்வொரு டெஸ்ட்டுக்கும் மெஷினை அணைச்சுப் போடறாங்க. நீங்க மட்டும் போடறதே இல்லையே?"

"நம்ம மாட்யூலைக் கழட்டி மாட்டுனாப் போதும் சார். அணைக்கத் தேவையில்ல."

"தேவையில்லைங்க. ஒருக்கா அணைச்சுப் போட்டாத்தான் என்ன கெட்டுப் போச்சு?"

மறுபடி எழுந்து வர இருபது நிமிஷம் ஆகும் என்றேன். பதினொரு நிமிஷம்தான் ஆகும்.

"பதினாறு நாள்தான் இருக்குதுங்" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு எண்ணத் தெரியாதா.

ஜூன் 13, வெள்ளி

மாற்றிப் பார்த்தவை: எண்களை நினைவகத்தில் தள்ளித் தள்ளி வைத்தேன். பெயர்ப் பட்டியலை நான்காகப் பிரித்தேன், பிறகு பதினாறாக. ஒரு நேரத்தில் ஒரு கோரை மட்டும் உள்ளே விடுகிற பூட்டு ஒன்றை எடுத்துவிட்டு இன்னொரு பூட்டு போட்டேன். பிறகு அதையும் எடுத்தேன்.

127: 71.

நான்கு நாள் வேலைக்கு ஒரு லட்சம்.

வாஷிங் மெஷின் தண்ணீரை வெளியே விடவில்லை. சட்டைகளை ஈரத்தோடு பக்கெட்டில் எடுத்துப் போட்டேன்.

ஜூன் 15, ஞாயிறு

மாமனார் கோபியிலிருந்து கூப்பிட்டார். மாதத்துக்கு ஒருமுறை கூப்பிடுகிறார்.

"மாப்ள, சாப்டீங்களா?"

"சாப்டனுங் மாமா." சாப்பிடவில்லை. மணி மூன்று.

"புள்ளையோட டிபன் டப்பா ஒண்ணு... ஆபீஸ்லயே இருக்குதுங்களாமா? மூணடுக்கு, பேர் வெட்டுனது. உங்க அத்தை கேட்டா. அவசரமெல்லாம் ஒண்ணுமில்லீங்."

"லேப் மாத்தறாங்க மாமா. அப்ப எடுத்தாந்தர்றேன்."

"சரிங் மாப்ள. வேலையெல்லாம் எப்பிடிங் போகுது?"

"போகுதுங் மாமா. ஒரு எடத்துல நின்னு போச்சு."

"எங்கீங்?"

"முப்பத்தி ரெண்டுல."

"அப்பிடீங்களா" என்றார். அங்கே டிவியில் விளம்பரம் ஓடியது. வைத்துவிட்டார்.

டப்பா லேபில் சுகந்தியின் மேஜையில், கீழ் இழுப்பறையில் இருக்கிறது. ஜனவரியிலிருந்து நான் உட்கார்வது அந்த மேஜையில்தான். கீழ் அறையைத் திறந்ததில்லை. கழுவி வைத்தாளா, அப்படியே வைத்தாளா தெரியாது.

ஜூன் 17, செவ்வாய்

127: 69.

குறைந்திருக்கிறது.

ஜூன் 18, புதன்

நஸ்ரீன் என்னைக் கேட்காமல் தானே பட்டியல் எடுத்துக்கொண்டு வந்தாள். பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"முதல் வரியப் பாத்தியா?"

"எந்த முதல் வரி?"

"நடிக்காத தினா. நூறு நிமிஷம் காத்துக் கெடந்தா, அதுல எழுபத்தோரு நிமிஷம் ஒரே பூட்டுக்கிட்ட. 'பொது'ங்கிற ஃபோல்டரோட பூட்டு. உன் டெஸ்ட்டும் அந்த ஃபோல்டர்லதான ஓடுது? பூட்டைத் திரும்பத் திரும்பப் பிடிக்கறது பதினேழாம் கோர். பதினேழுல ஓடறது யாரோட புரோகிராம்னு பேர் போட்டிருக்கு."

பேரை அவள் வாய்விட்டுப் படிக்கவில்லை. விரலை மட்டும் திரையில் வைத்தாள். சுகந்தி. ஓட ஆரம்பித்து 237 நாள்.

கீபோர்டை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

"தொடாத."

"நான் தொடல. நீயும் தொடல. அதான பிரச்சினை?"

எழுந்து போய்விட்டாள். அவள் சுகந்தியின் சிநேகிதி. என்னைவிட மூன்று வருஷம் முன்பே சுகந்தியைத் தெரியும்.

அந்த வரியை நான் 9ஆம் தேதியே பார்த்தேன். எழுதியிருக்கிறேன்.

ஜூன் 19, வியாழன்

தாமு சார் நோட்டைக் கேட்டால் இந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டுக் கொடுக்க வேண்டும்.

லேபுக்குள் ஃபோன் கூடாது. வாசலில் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் நுழையலாம். சுகந்தி டெஸ்டிங்கில் இருந்தாள், நாள் முழுக்க உள்ளே. நான் வெளியே என் இடத்தில். டீக்குப் போக எப்படிக் கூப்பிடுவது? அவள்தான் வழி கண்டுபிடித்தாள். இந்த மெஷினில் 'பொது' என்ற ஃபோல்டர் இருக்கிறது. நான் கிளம்பும்போது அதில் 'டீ' என்ற பெயரில் ஒரு காலி ஃபைலைப் போட வேண்டும். அவள் எழுதிய ஸ்கிரிப்ட் என்கிற குட்டி புரோகிராம், 'டீ' இருக்கிறதா, 'டீ' இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே இருக்கும். இருந்தால் அவள் திரையில் ஏதோ ஒன்றைக் காட்டிவிட்டு நின்றுவிடும். ஐந்து நிமிஷத்தில் கீழே பேக்கரி வாசலில் வந்து நிற்பாள். திரையில் காட்டுவது என்ன என்று நான் பார்த்ததில்லை. நான்தான் அப்போது கீழே இருப்பேனே.

ஆறு வரி ஸ்கிரிப்ட். ஒரு கேள்விக்கும் அடுத்த கேள்விக்கும் நடுவே நிறுத்தமே வைக்கவில்லை.

"ஒரு செகண்டாவது மூச்சு விடச் சொல்லு சுகி. முழுசா ஒரு கோரைத் தின்னுட்டு ஒக்காந்திருக்கு."

"நூத்தியிருபத்தெட்டு இருக்கில்ல? டீக்குன்னு ஒண்ணு குடுக்க மாட்டியா? கஞ்சப்பையா."

தினமும் மூன்று மணிக்கு ஓடவிடுவாள். அக்டோபர் 24ஆம் தேதியும் ஓடவிட்டாள். அப்புறம் லேபுக்கு வரவில்லை. காய்ச்சல். டெங்கு என்றார்கள். 29ஆம் தேதி, தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால், இறந்துவிட்டாள். ஆள் போனாலும் அவள் திறந்து வைத்த திரை மெஷினுக்குள் அப்படியே இருக்கும். மெஷினை அணைக்கிறவரை இருக்கும். டிசம்பரில் அவள் கணக்கை மூடினார்கள். ஓடிக்கொண்டிருந்த ஸ்கிரிப்டை யாரும் கவனிக்கவில்லை. மெஷினைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என்னுடையது.

நூற்று இருபத்தெட்டில் ஒன்றை ஒதுக்கிவிட்டால் போதும், மற்ற 127க்கும் அதற்கும் சம்பந்தம் இருக்காது என்று நினைத்தேன். தப்பு. பதினொரு வருஷம் இந்த வேலை பார்த்தவன் செய்யக்கூடிய தப்பே இல்லை.

அந்த 24ஆம் தேதி நாங்கள் டீ குடிக்கவில்லை.

ஜூன் 20, வெள்ளி

நஸ்ரீன் காலையிலேயே வந்துவிட்டாள்.

"கொல்ல வேண்டாம். நிறுத்தி மட்டும் வை. ஒரு நிமிஷம் கழிச்சு மறுபடி விட்டுரலாம். தான் நின்னது அதுக்கே தெரியாது."

நிறுத்தி வைத்தேன். நாற்பது நொடி. நான் திரையைப் பார்க்கவில்லை, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். மறுபடி ஓடவிட்டேன். அது நின்றிருந்தபோது வந்த எண்கள்:

64: 352
127: 641

தாமு சார் கத்தியதில் வெளியே இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"அறுநூத்தி நாப்பத்தொண்ணா! அட, இதுக்கா மூணு வாரம் மண்டைய ஒடைச்சுட்டு இருந்தோம்? அது எந்தக் கேனயன் புரோகிராமோ, நிறுத்திப் போடுங்க. மெஷினை அணைச்சுப் போட்டு, எண்ணை எழுதிக் குடுத்துருங்க. இன்னைக்கே அனுப்பீரலாம்."

நஸ்ரீன் திரையை அவர் பக்கம் திருப்பினாள். அவர் பேரைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டு, "பாத்துச் செய்யுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். வாசல் வரை போய்த் திரும்பி வந்து என் தோளைத் தட்டினார். மறுபடி போனார்.

"எழுதிக் குடுக்கப் போறியா?" என்றாள் நஸ்ரீன்.

"எண் வந்துருச்சில்ல?"

"பொய் எண். வாங்கறவங்க புரோகிராம் எல்லாம் ஒரு ஃபைலைப் பத்து ஃபோல்டர்ல தேடும். ஒம்போதுல இருக்காது. பொழுதுக்கும் இல்லாததைத்தான் கேட்டுட்டு இருக்கும். நீ இருக்கற பேருக்கு மட்டும் நேர்வழி போட்டு வெச்சிருக்க. இல்லாத பேரக் கேட்டா என்ன பண்ற? ஃபோல்டரையே பூட்டிப்போட்டு, மொத்தப் பந்தியையும் நிறுத்தி, ஒவ்வொரு கிண்ணமா எண்ணி, அப்புறம்தான் 'இல்லை'ங்கற. அவ ஸ்கிரிப்ட் தப்பில்ல. நீ எழுதுன புரோகிராம் கோடு தப்பு. அவ அதைக் கண்டுபுடிச்சிருக்கா. ஏற்கெனவே உன் மேல எத்தனை பிழை போட்டா?"

"நாப்பத்தொண்ணு."

"இது நாப்பத்திரெண்டு."

சரி என்றேன். எனக்கு முதலில் தோன்றியது பிழை அல்ல. பிழையைச் சரிசெய்வதானால், சரியாகிவிட்டதா என்று பார்க்க ஸ்கிரிப்ட் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அதுதான் தோன்றியது.

ஜூன் 22, ஞாயிறு

பால் ரெண்டு பாக்கெட். தூங்கினேன். எழுந்தால் சாயங்காலம் ஐந்து மணி.

ஜூன் 23, திங்கள்

பிழைப் பதிவில் கண்டுபிடித்தவர் பெயரைப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்க வேண்டும். பட்டியலில் சுகந்தி பெயர் இல்லை. நஸ்ரீன் தன் பெயரைப் போட்டு, குறிப்பில் 'கண்டுபிடித்தவர்: சுகந்தி' என்று எழுதிவிட்டாள். தாமு சார் வந்து நின்றார்.

"இதென்னங் நஸ்ரீன் இது?"

"கண்டுபுடிச்சவங்க பேரத்தானங் சார் போடோணும்?"

"அது செரிதானுங்... மேல இருந்து கேட்டா நான் என்னன்னு சொல்றது?"

"வேற யார் பிழை போட்டாலும் இவன் ஒத்துக்கவே மாட்டான் சார். ரெண்டு நாள் சண்டை போடுவான். அவ போட்டா மட்டுந்தான் சத்தமில்லாம ஒத்துக்குவான். வேலை சீக்கிரம் முடியும்."

தாமு சார் என்னைப் பார்த்தார். நான் ஒத்துக்கொண்டேன்.

உண்மையில் அவளிடமும் சண்டை போட்டிருக்கிறேன். 29ஆவது பிழைக்கு ஒரு வாரம் பேசாமல் இருந்தோம். பிழை அவள் சொன்னதுதான்.

ஜூன் 24, செவ்வாய்

இல்லாத பெயருக்கும் கேஷில் ஒரு இடம் கொடுத்தேன். முதல் முறை தேடிப் பார்த்து, இல்லையென்றால் 'இல்லை' என்று எழுதி வைத்துவிட வேண்டும். அடுத்த முறை கேட்பவர் அதைப் படித்துவிட்டுப் போய்விடலாம். பூட்டும் வேண்டாம், எண்ணவும் வேண்டாம். உண்மையாகவே அந்தப் பெயரில் ஒரு ஃபைல் வரும்போது அந்த 'இல்லை'யை அழிக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஸ்கிரிப்ட் ஓடும்போதே, 127: 598.

தாமு சாருக்கு இனிப்பு வாங்க ஆள் அனுப்பும் அளவு சந்தோஷம். நஸ்ரீன், "இருங்க" என்றாள். பத்தாயிரம் பெயர். முதலில் இல்லை என்று கேட்க வைத்து, பிறகு ஃபைலைப் போட்டு, மறுபடி கேட்டாள்.

9,997 முறை 'இருக்கிறது'.

3 முறை, ஃபைல் டிஸ்க்கில் இருக்கும்போதே, ஒரு கோர் 'இல்லை, இல்லை' என்று சொல்லிக்கொண்டே இருந்தது. நிற்கவே இல்லை.

ஜூன் 25, புதன்

மூன்று. பத்தாயிரத்தில் மூன்று.

மறுபடி ஓட்டினால் ஐந்து. அப்புறம் ஒன்றுமே இல்லை. அப்புறம் மறுபடி இரண்டு. உள்ளே என்ன நடக்கிறது என்று காட்ட ஒரு வேவு வரி எழுதினால் பிழை வரவே மாட்டேன் என்கிறது. வேவு வரியை எடுத்தால் வருகிறது. பதினொரு முறை புரோகிராமை மாற்றினேன். பதினொரு முறையும் ஏற்கெனவே எழுதியதற்கே வந்து நின்றேன். மேஜையைக் காலால் உதைத்தேன். கீழ் அறையில் எவர்சில்வர் சத்தம் கேட்டது.

நஸ்ரீன் தேங்காய் பன் ஒன்றைக் கீபோர்டு மேலேயே வைத்தாள்.

"தின்னு. தின்னாம நீ எழுதற கோடு எனக்குத்தான் வேலை வைக்குது."

தின்றேன்.

"இது வாங்கறவங்க யாருக்காச்சும் நடந்தா என்ன ஆகும்னு தெரியும்ல?" என்றாள்.

தெரியும். ஃபைல் வந்திருக்கும். கேட்பவனுக்கு அது தெரியவே தெரியாது. அவன் கேட்டுக்கொண்டே இருப்பான்.

வீட்டுக்கு வந்து குக்கர் வைத்தேன். விசில் வரவில்லை. கேஸ் தீர்ந்திருந்தது. அரிசி அரைவேக்காடு. அதையும் தின்றேன்.

ஜூன் 26, வியாழன்

பல் துலக்கும்போது பிடிபட்டது. ஒரு கோர் தேடிப் பார்க்கிறது, இல்லை. 'இல்லை' என்று எழுதப் போகிறது. போகிற வழியில் இன்னொரு கோர் ஃபைலைப் போட்டுவிடுகிறது. முதல் கோருக்கு அது தெரியாது. கொண்டுபோய் 'இல்லை'யை எழுதிவிடுகிறது. பார்த்தது பழசு. எழுதியது அதற்கு அப்புறம். அதை யாரும் அழிப்பதில்லை, ஏனென்றால் அழிக்க வேண்டிய நேரம் முடிந்துவிட்டது.

எழுதிய பிறகு ஒருமுறை திரும்பிப் பார்க்க வேண்டும். நடுவில் ஏதாவது மாறியிருந்தால் எழுதியதைத் தூக்கி எறிந்துவிட வேண்டும். ஒன்பது வரி.

நஸ்ரீனின் சோதனையை மதியம் முழுக்க ஓட்டினோம். நாலு கோடி முறை. தப்பு பூஜ்யம். அவள் நம்பாமல் இன்னொருமுறை ஓட்டினாள். பூஜ்யம்.

லேபில் பெட்டி கட்ட ஆரம்பித்துவிட்டார்கள். கீழ் அறையைத் திறந்தேன். டப்பா. கழுவித் துடைத்துத்தான் வைத்திருக்கிறாள்.

எழுதிவிடுகிறேன். அக்டோபர் 24. நாலரைக்கு டீ என்று நான்தான் சொன்னேன். ஒரு மெஷின் விழுந்து விழுந்து எழுந்துகொண்டிருந்தது, அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தலை நிமிர்ந்தபோது ஆறரை. லேபில் அவள் இல்லை. உடம்பு சுடுகிறது என்று ஐந்தேகாலுக்கே பஸ் ஏறிவிட்டாளாம். நஸ்ரீன்தான் சொன்னாள். என் பைக் கீழே நின்றுகொண்டிருந்தது. நாலரையிலிருந்து முக்கால் மணி நேரம் அவள் அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கூப்பிட்டிருந்தால் கீழே வந்திருப்பாள். வெளிச்சத்தில் முகத்தைப் பார்த்திருப்பேன். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால் என்று டாக்டரிடம் கேட்டேன். அப்படியெல்லாம் சொல்ல முடியாது என்றார். இருக்கலாம்.

காலி ஃபைல் ஒன்று. ஒரு நொடி வேலை. போடவில்லை.

அது இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறது.

ஜூன் 27, வெள்ளி

காலை பத்தரைக்கு வாங்கும் கம்பெனிக்காரர்கள் திரையில் வந்தார்கள். நேரடியாக ஓட்டிக் காட்டினேன்.

1: 6
8: 47
32: 184
64: 338
127: 611

அவர்களில் ஒருவர், "ஏன் 127?" என்று கேட்டார். தாமு சார் முந்திக்கொண்டு, "ஒரு கோர் முழுநேரமும் இல்லாத ஃபைலையே கேட்டுட்டு இருக்குதுங்க. அந்தத் தொல்லையோடவே இந்த எண் வருதுன்னு காட்டத்தான்" என்றார். அவர்களுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்கள். டீம் கலையாது. தாமு சார் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. எனக்கும் ஏதாவது தோன்ற வேண்டும். தோன்றும்.

நாளைக் காலை எட்டு மணிக்கு மெஷினை அணைப்பார்கள். அணைத்தால் ஸ்கிரிப்ட் செத்துவிடும். கேட்டதற்குப் பதில் கிடைக்காமலே சாகும்.

நாலேகாலுக்கு நஸ்ரீன், "நான் பேக்கரிக்குப் போறேன். வர்றியா?" என்றாள். வருகிறேன், நீ போ என்றேன்.

மெஷினைப் பார்த்துக்கொள்பவன் யார் திரையையும் திறந்து பார்க்கலாம். எட்டு மாதமாகத் திறக்கவில்லை. திறந்தேன். கறுப்புத் திரை. ஸ்கிரிப்டை ஓடவிட்ட ஒரு வரி. அதற்குக் கீழே ஒன்றும் இல்லை, கர்சர் மட்டும்.

இன்னொரு பக்கத்தில் என் திரை. 'பொது' ஃபோல்டருக்குள் போனேன். என் கோடு நாலு கோடி முறை தேறியிருக்கிறது. இருந்தாலும் பயமாக இருந்தது. நான் எழுதிய 'இல்லை' எங்காவது அழியாமல் கிடந்தால், ஃபைலைப் போட்டும் அதற்குத் தெரியாது. நாளை எட்டு மணி வரை இல்லை, இல்லை என்றே நினைத்துக்கொண்டிருக்கும்.

நாலரை ஆகும்வரை காத்திருந்தேன்.

'டீ' போட்டேன்.

அவள் திரையில் ஒரு வரி வந்தது:

எந்திரி சுகி. கீழ நிக்கறான்.

அவ்வளவுதான். எனக்கு எழுதியதல்ல. தனக்குத்தானே எழுதி வைத்துக்கொண்டது. 'பொது'வைப் பார்த்தேன், 'டீ' இல்லை. கடைசி வரியில் அந்த ஃபைலை அழித்துவிட்டு நிற்கும்படி எழுதியிருக்கிறாள், மறுநாள் புதிதாகப் போட வசதியாக. பதினேழாம் கோர் சும்மா இருந்தது. விசிறிச் சத்தம் குறைந்த மாதிரி இருந்தது. ஒரு கோருக்கெல்லாம் குறையாது. எனக்குத்தான் அப்படி.

எழுந்தேன். டப்பாவை எடுத்துக்கொண்டேன். ஃபோன் பெட்டியைத் திறந்து ஃபோனை எடுத்துக்கொண்டு மூன்று மாடியும் படியிலேயே இறங்கினேன்.

பேக்கரி வாசலில் நஸ்ரீன் இரண்டு கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"எத்தனை நேரம்டா நிக்கறது? டீ ஆறியே போச்சு."

"ஒரு டெஸ்ட் மிச்சம் இருந்துச்சு."

"அதான் எல்லாம் முடிஞ்சுதே, இன்னும் என்ன டெஸ்ட்?" என்றாள். பிறகு என் கையிலிருந்த டப்பாவைப் பார்த்தாள். வெட்டியிருந்த பேரைப் பார்த்தாள். குரல் இறங்கியது.

"பாஸா?"

"பாஸ்" என்றேன். டீ ஆறித்தான் இருந்தது. குடித்தேன்.